பாதியில் நின்ற கதையை முடித்தவர்: அ. மாதவையா



முதலில் ஒரு சின்னக் கேள்வி. தமிழில் முதல் நாவல் எது? எல்லாரும் டக்குனு சொல்லிடுவீங்க. மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. ஒரு மார்க் கேள்வியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். சரி, அதற்கு அடுத்து வந்த நாவல்களை யார் யார் படிச்சிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்! நானும் போன வருஷம் வரைக்கும் தூக்கியிருக்க மாட்டேன்.

போன வருஷம் லைப்ரரி பீரியடில், அடி அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. பேர் 'முத்துமீனாட்சி'. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1994. அதாவது நான் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னாடி யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அப்புறம் யாருமே தொடவில்லை. பாவமா இருக்கேன்னு எடுத்துப் போனேன். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். அதை எழுதியவர் யார் என்று தேடியபோது கிடைத்த வாழ்க்கைதான் இந்தக் கட்டுரை.

★ பெருங்குளத்துப் பையன் ★

அ. மாதவையா 1872-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி பெருங்குளம் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. நவதிருப்பதிக் கோயில்களில் ஒன்று அந்த ஊரில்தான் உள்ளது.

பள்ளிப் படிப்பைத் திருநெல்வேலிப் பக்கம் முடித்துவிட்டு, மேல்படிப்புக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். இன்றைக்குத் தாம்பரத்தில் இருக்கும் அந்தக் கல்லூரி, அன்றைக்கு ஹைகோர்ட்டுக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்தது. டாக்டர் மில்லர் என்ற புகழ்பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் அதன் முதல்வராக இருந்தார். ஆங்கில இலக்கியத்தை மாதவையா அங்கே ஆழமாகப் படித்தார். 1892-ல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

இங்கிலீஷ் நாவல்களைப் படித்த பையனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த ஊர்க் கதைகளில் ராஜா ராணி இல்லை. சாதாரண வீடுகளில் நடப்பதுதான் கதை. அப்படியென்றால் நம் வீடுகளில் நடப்பதை ஏன் எழுதக்கூடாது?

அவர் வளர்ந்த வீடுகளில் என்ன நடந்தது? பெண் குழந்தைக்கு எட்டு வயது, பத்து வயதில் கல்யாணம். மாப்பிள்ளை காய்ச்சல் கண்டு இறந்து போனால் அந்தக் குழந்தை விதவை. தலையை மழித்து, வெள்ளைச் சேலை கட்டி, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். நம்ம வயசில், நம்மைவிடச் சின்ன வயசில்! விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் காகிதத்தில்தான் இருந்தது. அக்ரகாரத் தெருவுக்குள் நுழையவில்லை.

★ நின்று போன தொடர்கதை ★

1892-ல், மாதவையாவுக்கு 20 வயதுகூட நிறையவில்லை. 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். பேர் 'சாவித்திரி சரித்திரம்'. தன் பேரைப் போடாமல் சாவித்திரி என்ற புனைபெயரில் எழுதினார். ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வது மாதிரி எழுதிய கதை அது. இன்றைக்கு நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டுப் பெண் வாசலில் நின்று பேசுவதே தப்பு. அவள் தன் மாமியார் வீட்டுக் கஷ்டத்தைப் பத்திரிகையில் சொல்கிற மாதிரி ஒருவர் எழுதினால்?

சில இதழ்களிலேயே அந்தத் தொடர் நின்று போனது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. முதன்முதலாக எழுதிய கதை பாதியில் நிற்கிறது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு, நமக்கு இதெல்லாம் வராதுன்னு போயிடுவோம். இந்தச் சுவர் இதழுக்குக் கொடுத்த கவிதை ஒரு தடவை வரலைன்னா அடுத்த தடவை கொடுக்காதவங்க எத்தனை பேர் இருக்கோம்!

மாதவையா கதையைக் கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார்.

★ உப்பு ஆபீசரும் பேனாவும் ★

வயிற்றுப் பிழைப்புக்கு வேலை வேண்டுமே. அரசாங்கத்தின் உப்பு, அப்காரி இலாகாவில் சேர்ந்தார். அப்காரி என்றால் சாராய வரி. உப்புக்கும் வெள்ளைக்காரன் வரி போட்ட காலம் அது. சென்னை ராஜதானியில் ஊர் ஊராக மாற்றல். பகலில் உப்பளம், கணக்கு, சோதனை. மிச்ச நேரத்தில் எழுத்து.

1898-ல் 'பத்மாவதி சரித்திரம்' முதல் பாகம் வெளிவந்தது. அடுத்த வருஷமே இரண்டாம் பாகமும் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகும் நாராயணன், கோபாலன் என்ற இரண்டு நண்பர்கள். நாராயணனின் மனைவி பத்மாவதி. எந்தத் தப்பும் செய்யாத மனைவி மேல் படித்த கணவனுக்கே சந்தேகம் வருகிறது. படிப்பு வந்துவிட்டால் புத்தியும் வந்துவிடுமா என்று கேட்கிற மாதிரி இருக்கும் அந்த இடம். அந்தச் சந்தேகம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே படிச்சுக்கோங்க!

இங்கே மனசைத் தொட்ட ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகணும். மாதவையாவின் தொடர் நின்று போன அதே 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் 1895 வரை இன்னொரு கதை வந்தது. அதுதான் பி. ஆர். ராஜமய்யர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்'. ராஜமய்யர் வத்தலக்குண்டுக்காரர். அவரும் 1872-ல் பிறந்தவர், அவரும் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஆனால் 1898-ல், 26 வயதில் இறந்து போனார். தமிழில் ஒரு நாவல்தான் எழுதினார். அவர் மறைந்த அதே வருஷம்தான் பத்மாவதி வந்தாள். ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் பேனாவை எடுத்த மாதிரி!

★ 11 வருஷம் கழித்து ★

1903-ஆம் ஆண்டு. பாதியில் நின்ற அந்தச் சாவித்திரி, 11 வருஷம் கழித்து முழு நாவலாக வந்தாள். பேர்தான் மாறியிருந்தது, 'முத்துமீனாட்சி'. தாயில்லாத துயரம், சின்ன வயதில் கல்யாணம், மாமியார் கொடுமை, அப்புறம் விதவைக் கோலம், எல்லாவற்றையும் முத்துமீனாட்சியே நம் எதிரில் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். அத்தோடு நிறுத்தவில்லை மாதவையா. அவளுக்கு மறுமணமும் செய்து வைத்தார். அழுது முடிகிற கதையாக எழுதியிருந்தால் ஊரே உச்சுக் கொட்டிப் பாராட்டியிருக்கும். அவர் அவளை வாழ வைத்தார். அதுதான் தைரியம்.

அதே 1903-ல் 'விஜயமார்த்தாண்டம்' என்ற நாவலும் எழுதினார். இங்கிலீஷிலும் 'தில்லை கோவிந்தன்', 'சத்தியானந்தா', 'கிளாரிந்தா' என்று நாவல்கள் எழுதினார். 1915-ல் வந்த 'கிளாரிந்தா' உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றியது. உடன்கட்டை ஏறாமல் காப்பாற்றப்பட்டு, பின்னால் கிறிஸ்தவராகி, பாளையங்கோட்டையில் 1785-ல் ஒரு தேவாலயம் கட்டியவர் அந்த அம்மா. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று மக்கள் சொல்லும் அந்தச் சின்னக் கோயில் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. இந்த நாவல் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது.

'இந்து' நாளிதழில் குசிகர் என்ற புனைபெயரில் இங்கிலீஷில் சிறுகதைகள் எழுதினார். வரதட்சிணை, பால்ய விவாகம், விதவைகளின் நிலைமை இவைதான் அவற்றில் பேசப்பட்டவை. பிறகு அவரே அவற்றைத் தமிழில் 'குசிகர் குட்டிக் கதைகள்' என்று கொண்டுவந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மட்டும் படித்தால் போதாது என்று நினைத்ததால்தானே?

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் வேறு மாதிரி நடந்தவர் இல்லை. தன் பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தார்.

★ கடைசிப் பேச்சு ★

பென்ஷன் வயது வரும் வரை காத்திருக்காமல் வேலையை விட்டார். சென்னை மயிலாப்பூரில் தன் ஊர்ப் பெயரையே வீட்டுக்கும் வைத்துக் குடியிருந்தார். சொந்தமாக அச்சுக்கூடம் வைத்து 1924-ல் 'பஞ்சாமிர்தம்' என்ற மாத இதழைத் தொடங்கினார். பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுத ஆரம்பித்தார்.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் கூட்டம். பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி முடித்த சிறிது நேரத்தில் அங்கேயே சரிந்து விழுந்து உயிர் துறந்தார். வயது 53 தான்.

பத்மாவதியின் மூன்றாம் பாகம் பாதியில் நின்றது. முதல் கதையும் பாதியில் நின்றது, கடைசிக் கதையும் பாதியில் நின்றது. முதல் கதையை 11 வருஷம் கழித்து அவரே முடித்தார். கடைசிக் கதையை முடிக்க அவர் இல்லை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ல் வந்தது. அதையும் அவர் பார்க்கவில்லை.

★ ஏன் இப்போ படிக்கணும்? ★

நியாயமா ஒண்ணு சொல்லணும். இந்த நாவல்கள் சுலபமா இருக்காது. வடமொழிச் சொற்கள் நிறைய வரும். வாக்கியங்கள் ரயில் மாதிரி நீளும். பெரும்பாலும் அவர் எழுதியது தான் பிறந்த பிராமண சமூகத்து வீடுகளைப் பற்றித்தான். மற்றவர்கள் வாழ்க்கை அதில் குறைவு. ஆனால் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் அப்படியே திருநெல்வேலிப் பேச்சு வரும் பாருங்க, அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. முதல் 10 பக்கம் மட்டும் பொறுமையா தாண்டிடுங்க. புரியாத வார்த்தையை ஒரு தாளில் குறிச்சு வச்சு நம்ம தமிழ் ஐயாகிட்ட கேளுங்க. நான் அப்படித்தான் படிச்சேன். ஐயாவே இரண்டு வார்த்தைக்கு அகராதி பார்த்தார்!

இன்னொரு காரணமும் இருக்கு. பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்யக்கூடாது என்று இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் பத்தாவது பரீட்சை முடிந்ததும் பொண்ணு பார்க்க வருகிற வீடுகள் இன்னும் இருக்கத்தானே செய்கின்றன? போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி இந்த வருஷம் வகுப்பில் இல்லை. 'முத்துமீனாட்சி'யைப் படிக்கும்போது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. 120 வருஷத்துக்கு மேலான கதை பழசாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அது பழசாகணும்னுதான் மாதவையா எழுதினார். அதனால்தான் மாணவிகள் மட்டும் இல்லை, மாணவர்களும் படிக்கணும். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா, அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டணும்.

- - - - - - - - - -
உங்களுக்குத் தெரியுமா?
• காட்டு விலங்குகளைப் படம் எடுத்தும் கட்டுரை எழுதியும் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996) மாதவையாவின் மகன். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர்.
• இன்னொரு மகன் மா. அனந்தநாராயணன் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவரும் ஒரு நாவல் எழுதியிருக்கிறார்.
• தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதிய பெ. நா. அப்புஸ்வாமி மாதவையாவின் உறவினர்.
- - - - - - - - - -
நான் சிபாரிசு செய்யும் பழைய நாவல்கள் (இந்த வரிசையில் படித்தால் சுலபம்)
1. முத்துமீனாட்சி – சின்னப் புத்தகம், முதலில் இதைப் படிங்க.
2. பிரதாப முதலியார் சரித்திரம் – கிளைக்கதைகள் நிறைய, சிரிச்சுக்கிட்டே படிக்கலாம்.
3. பத்மாவதி சரித்திரம் – கொஞ்சம் பெரிசு, லீவில் படிங்க.
4. கமலாம்பாள் சரித்திரம் – பின்பாதி கஷ்டமா இருந்தால் பெரியவர்கள் துணையோடு படிங்க.
- - - - - - - - - -

2025 அக்டோபரில் மாதவையா மறைந்து 100 வருஷம் நிறைந்தது. அவருக்குச் சிலை வைக்க நம்மால் முடியாது. ஆனால் ஒன்று முடியும். அடி அலமாரியில் 'முத்துமீனாட்சி' இருக்கிறாள். தேதிச் சீட்டில் 1994-க்குக் கீழே இப்போது என் முத்திரை ஒன்று மட்டும் இருக்கிறது. அடுத்த முத்திரை யாருடையது? முந்துங்கள் தோழர்களே!



இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி