கேபின் படகா, குட்டிப் படகா? ரெண்டையும் ஓட்டிப் பார்த்த ஐன்ஸ்டீன்!

பைக் வாங்குறதா, கார் வாங்குறதான்னு நம்ம வீடுகளில் ஒரு பஞ்சாயத்து நடக்குமே... அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில் அதே பஞ்சாயத்து படகை வெச்சு நடக்கும். 'பௌரைடர்'னு ஒரு வகை மோட்டார் படகு. மூக்கு வரைக்கும் திறந்து கிடக்கும், அங்கேயும் உட்கார இருக்கை உண்டு. எடை கம்மி, செலவும் கம்மி. இன்னொன்னு 'கடி கேபின்'. கடி ஜோக் இல்லை பாஸ், படகோட பேரே அதுதான்! முன்பக்கத்தை மூடி உள்ளே ஒரு குட்டி அறை இருக்கும். மழை வந்தா ஒதுங்கலாம், துணி மாத்தலாம், ராத்திரி தண்ணியிலேயே படுத்துத் தூங்கலாம். ஆனா உட்காருற இடம் குறையும், எடை கூடும், இழுத்துட்டுப் போக பெரிய வண்டி வேணும்.

சின்னதா, பெருசா? இந்தக் கேள்வி மோட்டார் படகுகளுக்கு முன்னாடி பாய்மரப் படகுகளிலும் இருந்ததுதான். ரெண்டு வகையையும் வெச்சிருந்த ஒருத்தரை உங்களுக்கு நல்லாவே தெரியும். கலைஞ்ச முடி, தொங்கு மீசை, ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

1879-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிறந்தவர். படகோட்டக் கத்துக்கிட்டது சுவிட்சர்லாந்தில், ஜூரிச்சில் காலேஜ் படிச்சப்போ. ஊரை ஒட்டியே ஏரி. காற்று இருக்கும்போது பாயைப் பிடிச்சு ஓட்டுவார். காற்று நின்னுட்டா மத்தவங்க துடுப்பைத் தேடுவாங்க, இவர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சுடுவார். இந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகலை. ரேஸ், ஸ்பீடு, பந்தயம் எதிலும் அவருக்கு ஆர்வம் கிடையாது. இன்னொரு விஷயம், அவருக்கு நீச்சல் தெரியாது. நிஜமாத்தான். லைஃப் ஜாக்கெட்டும் போட மாட்டார். இதை மட்டும் தயவுசெஞ்சு ஃபாலோ பண்ணாதீங்க!

1928-ல் சுவிட்சர்லாந்து போயிருந்தப்போ மயங்கி விழுந்தார். இதயம் வீங்கியிருக்குன்னு டாக்டர்கள் கண்டுபிடிச்சு, மாசக்கணக்கில் படுக்கையில் போட்டுட்டாங்க. அடுத்த வருஷம், 1929 மார்ச் 14, அவரோட 50-வது பிறந்தநாள். உலகமே கொண்டாடினப்போ, பெர்லின் மாநகராட்சியும் தன் பங்குக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு பரிசா தர்றதா அறிவிச்சது. போய்ப் பார்த்தா அந்த வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தாங்க! வேற இடம் காட்டினாங்க, அதிலும் வில்லங்கம். கடைசியில் விஷயம் மன்றத்தில் அரசியல் சண்டையாகி, பேப்பர்களில் நாறிப்போச்சு. நம்ம ஊர் ஆட்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லைதானே? ஐன்ஸ்டீன் பரிசே வேண்டாம்னு ஒதுங்கிட்டார். போட்ஸ்டாம் பக்கத்தில் கபூத் என்கிற கிராமத்தில் சொந்தக் காசில் நிலம் வாங்கி, இளம் ஆர்கிடெக்ட் கொன்ராட் வாக்ஸ்மானை வெச்சு ஒரு மரவீடு கட்டிக்கிட்டார்.

மாநகராட்சி சொதப்பின இடத்தில் நண்பர்கள் சொதப்பலை. பணக்கார நண்பர்கள் சிலர் சேர்ந்து அவருக்குன்னே ஒரு பாய்மரப் படகைச் செய்யச் சொல்லிப் பரிசா கொடுத்தாங்க. பேர் 'டியூம்லர்'. டால்பின் இனத்துக்குச் சொந்தக்காரப் பிராணி ஒண்ணோட ஜெர்மன் பெயர் அது. 7 மீட்டர் நீளம், அதாவது சுமார் 23 அடி. பாயின் பரப்பு 20 சதுர மீட்டர். உள்ளே கேபின், படுக்க இடம், அவசரத்துக்கு ஒரு சின்ன மோட்டார்கூட உண்டு. அடியில் இருக்கும் பலகையை மேலே தூக்கிக்கலாம். அதனால நாணல் வளர்ந்த, ஆழமில்லாத ஏரி ஓரங்களிலும் தரை தட்டாமல் போகும். இதயம் பலவீனமான 50 வயசுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான படகைத் தேர்வு செஞ்சிருக்க முடியாதுன்னு நினைக்கிறேன். கேபின் வெறும் சொகுசு இல்லை. திடீர்னு மழை பிடிச்சாலோ, உடம்பு அசந்தாலோ சாய்ஞ்சுக்க ஒரு இடம்.

கபூத் வீட்டில் டெலிபோன் கிடையாது. 1930 ஜூலையில் ரவீந்திரநாத் தாகூர் அந்த வீட்டுக்கே வந்து அவரோட பேசிட்டுப் போனார். எத்தனை பெரிய விருந்தாளிகள் வந்தாலும் ஐன்ஸ்டீன் மனசு என்னவோ கரையில் கட்டியிருந்த படகு மேலதான். பழைய சட்டை, வெறுங்கால்னு ஹாஃபெல் ஆற்றின் ஏரிகளில் மணிக்கணக்கா சுத்துவார். அவர் வாழ்க்கையிலேயே நிம்மதியான கோடைக்காலங்கள் எதுன்னு கேட்டா, 1929-லிருந்து 1932 வரையிலான இந்த நாலைத்தான் நான் சொல்வேன்.

1932 டிசம்பரில் மனைவி எல்சாவோடு அமெரிக்கா கிளம்பினார். அடுத்த மாசமே, 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான ஐன்ஸ்டீன் அதுக்கப்புறம் ஜெர்மனி மண்ணை மிதிக்கவே இல்லை. பேங்க் கணக்கு முடக்கப்பட்டது, வீடு சோதனை போடப்பட்டது, அந்த ஜூன் மாசம் டியூம்லரையும் பறிமுதல் செஞ்சாங்க. அப்புறம் அதை அரசே விற்க, பல் டாக்டர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். பிறந்தநாள் பரிசு கைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

1933 அக்டோபரில் பிரின்ஸ்டன் வந்து சேர்ந்தார். புது வேலைக்கு அவர் கேட்ட சம்பளம் வருஷத்துக்கு 3,000 டாலர். கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு. ஆக, கொஞ்சம் முயற்சி செஞ்சா இன்னொரு கேபின் படகு வாங்கியிருக்கலாம். ஆனா வாங்கினது சுமார் 17 அடி நீளத்தில் ஒரு சாதாரண பாய்மரப் படகு. டியூம்லரைவிட ஒரு ஆள் உயரம் குறைச்சல். அதுக்கு அவர் வெச்ச பேர் 'டினெஃப்'. ஜெர்மனி யூதர்கள் பேச்சில் அதுக்கு ஒண்ணுக்கும் உதவாத சாமான்னு அர்த்தம். நம்ம பாஷையில் சொன்னா 'ஓட்டை உடைசல்'!

டினெஃப் நடத்தின கூத்துக்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. பிரின்ஸ்டனின் கார்னகி ஏரியில் ஓட்டினார். கோடை விடுமுறைக்குக் கடலோர ஊர்களில் வீடு வாடகைக்கு எடுத்து அங்கேயும் ஓட்டினார். 1935-ல் கனெக்டிகட்டில் ஓதம் இறங்கும் நேரம் தெரியாமல் மணல் திட்டில் போய்ச் சிக்கினது பேப்பரில் செய்தியாவே வந்துடுச்சு. கால-வெளியையே கணக்குப் போட்டவருக்கு ஓத நேரம் பிடிபடலைன்னு ஊரே சிரிச்சது. வழி தவறி நிக்கிறவரை அக்கம்பக்கத்துக்காரங்க கட்டி இழுத்துட்டு வர்றது வழக்கமாப்போச்சு. மோட்டார் மாட்டிக்கங்கன்னு சொன்னவங்களுக்கும் வேண்டாம்னுதான் பதில். 1941-ல் சரனாக் ஏரியில் படகு கவிழ்ந்து, கயித்தில் சிக்கித் தண்ணிக்குள் இருந்தவரை ஒரு சின்னப் பையன் காப்பாத்தினான்னு அந்த ஊரில் இன்னைக்கும் சொல்றாங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு, பெரிய மனுஷன் எளிமையா இருந்தார், சின்னப் படகே போதும்னு இருந்துட்டார்னு நாம முடிவு கட்டிடலாம். வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு நல்லாவும் இருக்கும். எனக்கு என்னவோ அவ்வளவு சுலபமாத் தோணலை. 1936 டிசம்பரில் எல்சா இறந்துட்டார். சொந்த ஊரிலிருந்து கெட்ட செய்தியாவே வந்துட்டிருந்தது. 1939 கோடையில் லாங் ஐலண்டின் நசாவ் பாயின்டில் அவர் டினெஃப் ஓட்டிக்கிட்டு இருந்தப்போதான் இயற்பியலாளர்கள் லியோ சிலார்டும் யூஜின் விக்னரும் வீட்டைத் தேடி வந்தாங்க. ஜெர்மனி அணுகுண்டு செஞ்சுட்டா என்ன ஆகும் என்பதுதான் பேச்சு. ஆகஸ்ட் 2 தேதியிட்ட, அதிபர் ரூஸ்வெல்டுக்கான அந்தப் புகழ்பெற்ற கடிதம் அந்தக் கோடையில்தான் கையெழுத்தாச்சு. தண்ணியில் இருக்கிற சில மணி நேரம் மட்டும் உலகத்தைக் கரையில் விட்டுட்டுப் போறதுக்கு அவருக்கு ஏதோ ஒரு படகு வேணும். கேபினோ மோட்டாரோ அதுக்குத் தேவைப்படலை. பறிபோனாலும் வலிக்காத படகா இருந்தா இன்னும் நல்லதுன்னு நினைச்சிருப்பாரோ? இது என் ஊகம் மட்டும்தான். ஆனா ஆசை ஆசையா வாங்கின பொருளுக்கு யாரும் ஓட்டை உடைசல்னு பேர் வைப்பாங்களா?

ஊகத்துக்குக் காரணம் இருக்கு. ஹிட்லர் ஒழிஞ்சு, போர் முடிஞ்சதும் ஐன்ஸ்டீன் டியூம்லரைத் தேடிப் பார்த்தார். வயசு 66 ஆகியிருந்தது. கையில் டினெஃப் இருந்தும், 12 வருஷத்துக்கு முன்னாடி பறிபோன கேபின் படகு எங்கேன்னு விசாரிச்சார். கிடைக்கலை.

1955 ஏப்ரல் 18-ல் பிரின்ஸ்டனில் இறந்தார். கபூத்தில் அந்த மரவீடு இன்னமும் இருக்கு, ஜெர்மனி போனா சுத்திப் பார்க்கலாம். கொஞ்சம் இறங்கி நடந்தா ஏரி. டியூம்லர் என்னாச்சுன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் துப்பு கிடைக்கலை.