நானூறாம் எண் பூனை

நச்சு உலோகங்களைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஹஜிமே ஹோசோகாவா நினைவுக்கு வருவார். அந்த ஜப்பானிய மருத்துவரை முழுமனத்துடன் போற்றவும் முடியவில்லை. பழித்து ஒதுக்கவும் மனம் வரவில்லை.

1901-இல் பிறந்த அவர், மினமாட்டா நகரில் சிஸ்ஸோ ரசாயன ஆலை நடத்திய மருத்துவமனையின் தலைவராக இருந்தார். 1956 ஏப்ரலில், நடக்கவும் பேசவும் இயலாத ஐந்து வயதுச் சிறுமியை அங்கே கொண்டுவந்தனர். அடுத்து அவள் தங்கைக்கும் அதே நிலை. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இனந்தெரியாத நோய் பரவுவதாக மே 1 அன்று ஹோசோகாவாவின் மருத்துவமனை அரசு சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தது. மினமாட்டா நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது அன்றுதான்.

அசிட்டால்டிஹைடு தயாரிப்பில் ஆலை பாதரசத்தைப் பயன்படுத்தியது. அதில் உருவான மெத்தில் பாதரசம் கழிவுநீருடன் கடலில் கலந்து மீன்களில் சேர்ந்தது. மீனே அன்றாட உணவான குடும்பங்களில் கைகால்கள் மரத்தன, பார்வை குறுகியது, பேச்சு குழறியது. தாயிடம் பெரிதாக அறிகுறி தெரியாதபோதும், கருவிலிருந்த சிசுவின் மூளையை நஞ்சு சிதைத்தது.

1959-இல் ஹோசோகாவா ஆலைக் கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துவந்தார். சோதனையில் அதன் எண் 400. அக்டோபரில் அதற்கும் அதே வலிப்பு, அதே தள்ளாட்டம். நிர்வாகம் முடிவை மறைத்தது. சோதனையைத் தொடரவும் தடை விதித்தது. அவர் பணிந்தார். அந்த டிசம்பரிலேயே நோயாளிகளுக்குச் சொற்பத் தொகை அளித்து ஆலை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆலையே காரணம் என்று பின்னர் தெரியவந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கோரக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பூனைக்கு நேர்ந்ததைக் கையெழுத்திட்டவர்கள் அறியவில்லை. 1962-இல் அவர் ஓய்வு பெற்றார். 1968 வரை பாதரசக் கழிவு வெளியேறிக்கொண்டிருந்தது.

1970 ஜூலையில், புற்றுநோயால் படுக்கையில் கிடந்த ஹோசோகாவா, நோயாளிகள் தொடுத்த வழக்கில் மருத்துவமனையிலிருந்தே சாட்சியம் அளித்தார். பூனையைப் பற்றிச் சொன்னார். அக்டோபரில் காலமானார். 1973 மார்ச்சில் வந்த தீர்ப்பு ஆலையின் பொறுப்பை உறுதிசெய்து, பழைய ஒப்பந்தத்தையும் செல்லாததாக்கியது.

முதலில் எச்சரித்தவரும் அவரே. முக்கியமான நேரத்தில் வாய்மூடி இருந்தவரும் அவரே. சம்பளம் தரும் நிர்வாகத்துக்கும் நோயாளிக்கும் நடுவே நிற்கும் மருத்துவரின் மனசாட்சியை மட்டுமே நம்பி ஓர் ஊரின் உயிரை ஒப்படைத்துவிட முடியாது. ஆலைக்குள் கண்டறியப்படும் நஞ்சு குறித்த உண்மை, நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திராமல் மக்களைச் சென்றடையச் சட்டம் வழிசெய்ய வேண்டும் என்பதே அவர் வாழ்க்கையிலிருந்து நான் கற்றது.