கடலுக்கு மணிக்கூடு செய்த தச்சர்

ஆண்டுகளை எண்ணி மகிழ்தற்குரியது விழா மலர். அத்தகைய மலரில், ஆண்டுகளையன்றிச் செக்கன்களை எண்ணுதற்கே தம் வாழ்நாளை ஒப்புக்கொடுத்த ஒருவரின் வரலாற்றைக் கூறுதல் பொருந்தும் எனக் கருதினோம். அவர் அரசரல்லர், போர்வீரரல்லர், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவருமல்லர். இங்கிலாந்தின் சிற்றூரொன்றில் மரவேலை செய்து வாழ்ந்த தச்சர். ஆயினும், கடல்வழிச் செல்வோர் தாம் நிற்கும் இடத்தை அறிந்து உயிர்தப்புதற்கு அவர் கைகளே வழிசெய்தன. அவர் பெயர் ஜோன் ஹரிசன்.

அவர் செய்த தொண்டின் அருமையை உணர்தற்கு, அக்காலக் கடற்பயணத்தின் இடரை முதலில் அறிதல் வேண்டும். நடுக்கடலில் நிற்கும் கப்பல் தன் இடத்தை அறிய அகலக்கோடு, நெடுங்கோடு என்னும் இரண்டும் தேவை. நண்பகற் சூரியனின் உயரத்தைக் கொண்டும் துருவ நட்சத்திரத்தின் உயரத்தைக் கொண்டும் மாலுமிகள் அகலக்கோட்டை அறிந்தனர். நெடுங்கோடு அவ்வாறு எளிதிற் பிடிபடவில்லை. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கின்றது. எனவே ஒரு மணிக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. கப்பல் நிற்கும் இடத்து நண்பகலில், புறப்பட்ட துறைமுகத்தின் மணி இன்னதென்று தெரிந்தால், இரண்டுக்குமுள்ள வேறுபாடே நெடுங்கோட்டைத் தந்துவிடும். இடத்துக்கிடம் சூரியோதயம் வேறுபடுதலைப் பஞ்சாங்கத்திற் காணும் நம்மவர்க்கு இக்கணக்கு விளங்காததன்று. ஆனால் துறைமுகத்து நேரத்தைக் கப்பலிற் சுமந்து செல்வது எங்ஙனம்? அக்காலத்துச் சிறந்த மணிக்கூடுகள் ஊசலால் இயங்கின. அலையில் ஆடும் தளத்தில் ஊசல் ஒழுங்காக ஆடுமோ? வெப்பத்தில் உலோகம் நீளும், குளிரிற் குறுகும், எண்ணெய் நாட்பட நாட்படத் தடிக்கும். இவை யாவும் நேரத்தைக் கெடுத்தன.

இக்குறையின் விலை மனித உயிர். 1707 ஆம் ஆண்டு ஒக்டோபர் 22 ஆம் நாள் இரவு, தாம் நின்ற இடத்தைத் தவறாகக் கணித்த ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி அழிந்தன. தளபதி சேர் கிளவுட்சிலி ஷவலும் 1,400 பேருக்குக் குறையாத மாலுமிகளும் மாண்டனர். 1714 இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நெடுங்கோட்டை அரைப் பாகைக்குள் அறியும் வழியைக் காண்பவர்க்கு 20,000 பவுண் பரிசு என்பது அச்சட்டம். ஆறு வாரப் பயணத்தில் அரைப் பாகைக்குள் நிற்க வேண்டுமாயின், மணிக்கூடு நாளொன்றுக்கு மூன்று செக்கனுக்கு மேற் பிழைக்கலாகாது. பேரறிஞர் நியூற்றனும், அத்தகைய மணிக்கூடு இன்னும் செய்யப்படவில்லை என்றே பாராளுமன்றக் குழுவினர்க்கு எடுத்துரைத்தார். அறிஞர் பலர் வானத்தையே நம்பினர்.

ஹரிசன் 1693 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் யோக்ஷயர் மாகாணத்தின் ஃபூல்பி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தச்சர். குடும்பம் பின்னர் ஹம்பர் ஆற்றின் தென்கரையிலுள்ள பரோ என்னும் ஊரிற் குடியேறியது. சிறுவயதில் அம்மை கண்டு படுத்தபோது, தலையணைமேல் வைக்கப்பட்ட ஒரு சிறு மணிக்கூட்டின் ஒலியைக் கேட்டுப் பொழுதுபோக்கினார் என்பது செவிவழிக் கதை. ஊருக்கு வந்த மதகுரு ஒருவர், பொறிநூல் பற்றிய விரிவுரைகளின் கைப்பிரதியை இரவலாக அளித்தார். ஹரிசன் அதனை முழுதும் தம் கையாற் படியெடுத்துக்கொண்டார். அதுவே அவர் பெற்ற கல்லூரிக் கல்வி.

1713 இல் தம் முதல் மணிக்கூட்டைச் செய்தார். அதன் சக்கரங்களும் மரமே. 1722 அளவில் புறொக்கிள்ஸ்பி மாளிகைக்கு அவர் அமைத்த கோபுர மணிக்கூட்டில், தன்னுள்ளேயே நெய்ப்பசை கொண்ட வன்மரத்தை உராயும் உறுப்புகளுக்கு வைத்தார். அதனால் அதற்கு எண்ணெயே வேண்டியதில்லை. தம் தம்பி ஜேம்சுடன் சேர்ந்து செய்த ஊசல் மணிக்கூடுகள் இன்னும் அரியவை. வெப்பத்திற் பித்தளை மிகுதியாகவும் உருக்குக் குறைவாகவும் நீளும். இவ்விரண்டின் கம்பிகளையும் மாறிமாறி இணைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யுமாறு ஊசலை அமைத்தார். மாதத்துக்கு ஒரு செக்கனுக்கு மேல் அம்மணிக்கூடுகள் பிழைக்கவில்லை என்பர். பேரூர்களின் பேர்பெற்ற வினைஞரும் எட்டாத நுட்பம் இது.

1730 அளவில் அவர் இலண்டன் சென்று அரச வானநூலறிஞர் எட்மண்ட் ஹலியைக் கண்டார். ஹலி அவரை மணிக்கூட்டு வினைஞருள் தலைசிறந்த ஜோர்ஜ் கிரேயமிடம் அனுப்பினார். இருவரும் காலை முதல் இரவு வரை உரையாடினர். முடிவில், வட்டியுமின்றி ஈடுமின்றிப் பொருள் கொடுத்து அனுப்பினார் கிரேயம். தம் தொழிலில் வந்த புதியவரைப் போட்டியாளராக எண்ணாது கைதூக்கிவிட்ட அப்பெருந்தகையை இங்கு நினையாது செல்லுதல் முறையன்று.

1735 இல் முதற் கடல் மணிக்கூடு நிறைவெய்தியது. நிறை 75 இறாத்தல். ஊசலுக்குப் பதிலாக, ஒன்றோடொன்று இணைந்து எதிரெதிராக ஆடும் இரு கோல்கள் இருந்தன. 1736 இல் அது லிஸ்பனுக்குச் சென்று திரும்பியது. திரும்பும்போது கரை கண்ட மாலுமிகள் அதனை ஸ்ராட் முனை என்றனர். ஹரிசனோ லிசாட் முனை என்றார். அவர் கூற்றே மெய்யாயிற்று. கப்பலின் கணக்கு ஏறத்தாழ 60 மைல் பிழைத்திருந்தது.

அடுத்த ஆண்டு நெடுங்கோட்டுச் சபை கூடியது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு சோதனைப் பயணம் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தம் கருவியின் குறைகளைத் தாமே சபைமுன் எடுத்துக்கூறி, வேறொன்று செய்யச் சிறிது பொருளுதவி மட்டும் வேண்டினார். இரண்டாவதைச் செய்து முடித்தபின் அதிலும் ஒரு குற்றம் கண்டு, கடலுக்கு அனுப்பாமலே ஒதுக்கினார். மூன்றாவதற்கு 19 ஆண்டுகள் சென்றன. பித்தளையும் உருக்கும் பிணைத்த தகடும், உருளைத் தாங்கியும் அதன்பொருட்டு அவர் கண்டவை. இன்றும் பொறிகள் பலவற்றில் அவை பயன்படுகின்றன. எனினும் அம்மணிக்கூடு அவர் மனத்தை நிறைவிக்கவில்லை.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1753 இல் ஜோன் ஜெஃபரிஸ் என்னும் வினைஞர், ஹரிசன் சொல்லியவாறு, அவர் சொந்தப் பாவனைக்கு ஒரு சிறு பைமணிக்கூடு செய்தளித்தார். அது எதிர்பாராத அளவுக்கு நேரந் தவறாது ஓடியது. பெரிய பொறி மெல்ல ஆடுவதினும், சிறிய சக்கரம் விரைந்து ஆடுவதே கப்பலின் அசைவை வெல்லும் என்பதை ஹரிசன் உணர்ந்தார். அறுபது வயதில், முப்பது ஆண்டுக் கொள்கையைக் கைவிட்டார்! 1759 இல் நான்காவது மணிக்கூடு உருவாயிற்று. குறுக்களவு 5 அங்குலம். நிறை 3 இறாத்தலுக்குச் சிறிது கூட.

1761 நவம்பரில் மகன் வில்லியம் அதனுடன் ஜமெய்க்காவுக்குப் புறப்பட்டார். 81 நாட்களில் அது 5 செக்கனே பிந்தியது. சட்டம் அனுமதித்ததோ 2 நிமிடம். ஆயினும் பரிசு வரவில்லை. இது தற்செயலாயிருக்கலாம் என்றது சபை. 1764 இல் பாபடோசுக்கு இரண்டாம் பயணம். 47 நாட்களிற் பிழை 39 செக்கன். வேண்டியதினும் மும்மடங்கு நுட்பம். அப்போதும் சபை, மணிக்கூட்டின் இரகசியத்தை வெளிப்படுத்துக, பாதிப் பரிசு பெறுக. பிறரும் அதுபோற் செய்யக்கூடும் எனக் காட்டுக, மீதியைப் பெறுக என்றது.

இவ்விடத்து நெவில் மஸ்கலின் என்பவரைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். சந்திரனுக்கும் நட்சத்திரங்களுக்குமுள்ள தூரத்தை அளந்து நெடுங்கோடு காணும் முறையின் தலைவர் அவர். 1765 இல் அரச வானநூலறிஞராகிச் சபையிலும் அமர்ந்தார். போட்டியாளர் ஒருவரே நடுவராக இருந்தமை நீதியாகாது. எனினும் அவரைக் கொடியவராகத் தீட்டுதலும் நீதியாகாது. அவர் முறை மெய்யானது. பல்லாண்டு மாலுமிகளுக்குப் பயன்பட்டது. ஒருவர் மட்டும் செய்யவல்ல, பெருவிலையுள்ள ஒற்றை மணிக்கூடு ஒரு நாட்டின் கப்பல்களை எல்லாம் எவ்வாறு காக்கும் என்ற சபையின் வினாவும் நியாயமானதே. ஆனால் வினா நியாயமாயினும், விடையளித்தவரை நடத்திய முறை நியாயமன்று. 1766 இல் மூன்று பெரிய மணிக்கூடுகளையும் கிறீனிச்சுக்கு எடுத்துச் சென்றபோது, முதலாவது கைநழுவி விழுந்தது.

தமிழாசிரியராகிய நாம் மற்றொன்றும் காண்கின்றோம். ஹரிசனின் கைகளுக்கு வாய்த்த தெளிவு அவர் எழுத்துக்கு வாய்க்கவில்லை. ஒரு வாக்கியம் தொடங்கினால் முடிவு காணாது நீளும். பொருள் சிக்குண்டு கிடக்கும். தம் கருத்தைத் தாமே விளங்க எழுதவல்லவராயிருந்திருப்பின், அவர் துன்பம் ஓரளவாவது குறைந்திருக்கும்.

1769 இல் லார்க்கம் கெண்டல் நான்காவதன் படியொன்றைச் செய்து முடித்தார். பிறரும் செய்யக்கூடும் என்பது உறுதியாயிற்று. அப்படியையே கப்டன் குக் 1772 முதல் 1775 வரை தம் இரண்டாம் பெரும் பயணத்திற் கொண்டு சென்றார். ஐயத்தோடு ஏற்றுச் சென்றவர் புகழ்ந்து கொண்டு திரும்பினார். இதற்கிடையில் 79 வயது முதியவரின் முறையீடு மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை எட்டியது. மன்னர் தம் வானாய்வு நிலையத்தில் ஐந்தாவது மணிக்கூட்டைப் பத்து வாரம் சோதித்தார். பிழை நாளுக்கு மூன்றிலொரு செக்கன். 1773 இற் பாராளுமன்றம் 8,750 பவுண் வழங்கியது. சட்டத்திற் கூறிய பரிசு என்ற பெயரில் அன்று. அப்பெயரில் அது எவர்க்கும் வழங்கப்படவே இல்லை. 1776 மார்ச்சு 24 ஆம் நாள், 83 ஆம் வயதில், இலண்டன் றெட் லயன் சதுக்கத்தில் ஹரிசன் காலமானார். ஆர்னோல்ட், ஏண்ஷோ முதலியோர் பின்னர் எளிய அமைப்புகளைக் கண்டு விலையைக் குறைக்க, கடல் மணிக்கூடு கப்பல்தோறும் இடம்பெற்றது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. 1775 இல் வெளியிட்ட நூலில், நிலத்தில் இயங்கும் ஊசல் மணிக்கூடு 100 நாட்களில் ஒரு செக்கனுக்குள் நிற்கச் செய்யலாம் என்று ஹரிசன் எழுதியிருந்தார். சிக்கலான அந்நூலைக் கற்றோர் எள்ளி நகையாடினர். இருநூறு ஆண்டு கழித்துச் சிலர் அதனைப் பொறுமையுடன் கற்று, அதன் வழியே ஒரு மணிக்கூடு செய்தனர். 2015 இற் கிறீனிச்சில் அது முத்திரையிட்ட பெட்டியுள் 100 நாட்கள் சோதிக்கப்பட்டது. பிழை ஒரு செக்கனுக்கும் குறைவு. கிழவரின் சொல் மெய்யாயிற்று.

மாணவர்காள்! உமது கருத்து எத்துணைச் சிறந்ததாயினும் பிறர்க்கு விளங்க உரைக்கப் பழகுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பழைய மாணவர்களே! பட்டமில்லாத ஒருவர் தடுமாறிய மொழியில் ஒன்றைக் கூறும்போது, மொழியின் குறையைக் கொண்டு பொருளைத் தள்ளிவிடாதிருப்போமாக. நம் வகுப்பின் கடைசி வாங்கிலும் ஒரு ஹரிசன் அமர்ந்திருத்தல் கூடும். அவருக்கு ஒரு கிரேயமாக இருத்தல் நம் கையில் உள்ளது.