பணிப்பெண் வேடமும் சொந்த வீடும்: ஹட்டி மெக்டானியலின் கலைவாழ்வு

1940 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள அம்பாசடர் ஹோட்டலில் ஒஸ்கார் விருது விழா நடைபெற்றது. 'கோன் வித் த விண்ட்' திரைப்படத்தின் முன்னணிக் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்திருந்தனர். ஆனால், அதே படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருதைப் பெறவிருந்த ஹட்டி மெக்டானியலுக்கு, மண்டபத்தின் ஓரத்தில் தனியாக ஒரு சிறிய மேசையே ஒதுக்கப்பட்டிருந்தது. கறுப்பினத்தவரை அனுமதிக்காத அந்த ஹோட்டலுக்குள் அவரை அழைத்துவருவதற்கே படத்தின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் விசேட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒஸ்கார் விருதைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் என்ற பெருமை, அந்த ஓரத்து மேசையிலிருந்து எழுந்து சென்றவருக்கே கிடைத்தது.

அவரைப் பற்றிப் பேசுவோர் பலரும் இந்த ஓர் இரவோடு நின்றுவிடுகின்றனர். அதற்கு முன்னரும் பின்னரும் மேடை, வானொலி, தொலைக்காட்சி என்று விரிந்த அவரது வாழ்வை நாம் முழுமையாகப் பார்த்தால்தான், அந்த விருதின் பெறுமதியும் அதற்காக அவர் கொடுத்த விலையும் விளங்கும்.

ஹட்டி மெக்டானியல் 1893 ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தையார் ஹென்றி, அடிமைமுறைக்கு முடிவுகட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் நின்று போரிட்டவர். குடும்பம் பின்னர் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் குடியேறியது. வறுமை நிறைந்த அந்த வீட்டில் பாட்டும் நடிப்பும் மட்டும் குறைவின்றி இருந்தன.

அக்காலத்து அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரிபூசிக்கொண்டு கறுப்பினத்தவரை எள்ளிநகையாடுவது பெரும் பொழுதுபோக்காக இருந்தது. கறுப்பினக் கலைஞர்கள் அதே மேடை வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டே பிழைக்க வேண்டியிருந்தது. 1914 இல் ஹட்டி தமது சகோதரி எட்டாவுடன் இணைந்து பெண்கள் மட்டுமே பங்குபற்றும் ஒரு நாடகக் குழுவை நடத்தினார். எஜமானர் வீட்டுக்கு விசுவாசமான கறுப்பினப் பணிப்பெண் என்ற வார்ப்பை அந்த மேடையில் அவர் கேலிசெய்து சிரிக்கவைத்தார். எந்த வார்ப்பை இளமையில் கேலிசெய்தாரோ, அதே வார்ப்புக்குள்தான் பிற்காலத்தில் திரையுலகம் அவரை அடைத்துவைத்தது.

1920 களின் நடுப்பகுதியில் டென்வர் வானொலியில் அவரது குரல் ஒலித்தது. அமெரிக்க வானொலியில் பாடிய முதற் கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். தாமே எழுதிய பாடல்களை இசைத்தட்டுகளிலும் பதிவுசெய்தார். ஆனால், 1929 இல் பங்குச் சந்தை வீழ்ந்தபோது அவரது மேடைத் தொழிலும் வீழ்ந்தது. மில்வோக்கி நகர் அருகே இருந்த இரவு விடுதியொன்றின் கழிவறைப் பகுதியில் பணியாளாக வேலைசெய்யும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். ஒருநாள் அங்கு பாடுவதற்குக் கிடைத்த சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி, அதே விடுதியின் மேடைக்கு ஏறினார்.

1931 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்த அவருக்கு அங்கும் வானொலியே முதலில் கைகொடுத்தது. உள்ளூர் நிலையமொன்றில் 'ஹை ஹற் ஹட்டி' என்ற பெயரில் நேயர்களின் அபிமானத்தைப் பெற்றார். எனினும், வானொலி தந்த ஊதியம் வாழ்க்கைக்குப் போதவில்லை. ஒலிவாங்கியின் முன் நட்சத்திரமாக விளங்கியவர், நிகழ்ச்சி முடிந்ததும் பிறர் வீடுகளில் துணிதுவைத்தும் சமைத்தும் பிழைத்தார். திரைப்படங்கள் அவருக்குத் தந்ததும் அதே பணிப்பெண் வேடத்தைத்தான். பல படங்களில் அவரது பெயர்கூட இடம்பெறவில்லை.

'கோன் வித் த விண்ட்' படத்தின் முதற்காட்சி 1939 டிசம்பர் 15 ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பெருவிழாவாக நடந்தது. அம்மாநிலத்தின் இன ஒதுக்கல் காரணமாக, படத்தில் நடித்த கறுப்பினத்தவர் எவரும் அங்கு இருக்கவில்லை. இரண்டரை மாதங்களின் பின்னர் அந்தப் படத்துக்காகவே ஹட்டி விருது பெற்றார். அந்த விருதுகூட அவருக்குப் புதிய வேடங்களைக் கொண்டுவரவில்லை. மீண்டும் அதே சமையலறை, அதே முன்றானைத் துணி.

இந்த இடத்தில்தான் அவர்மீது கடும் விமர்சனம் எழுந்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கமும் அதன் செயலாளர் வோல்டர் வைட்டும், ஹொலிவூட் தமது மக்களைச் சேவகர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டுமே காட்டுவதை எதிர்த்துக் குரலெழுப்பினர். அந்தக் கோரிக்கை நியாயமானது. திரையில் காண்பதையே உண்மையென நம்பிய கோடிக்கணக்கானோருக்கு அந்த வேடங்கள் ஒரு சமூகத்தைப் பற்றிய தவறான பாடத்தைப் போதித்தன. ஆனால், வேடங்களை எழுதியவர்களும் பணம் முதலிட்டவர்களும் தப்பித்துக்கொள்ள, பழி நடித்தவர்மீது விழுந்ததையும் நாம் மறுக்க முடியாது. அந்த வேடங்களை மறுத்திருந்தால், உண்மையான சமையலறைகளுக்கே அவர் திரும்ப வேண்டியிருந்திருக்கும். அந்த வாழ்க்கையை அவர் நன்கறிந்திருந்தார்.

நடித்துச் சம்பாதித்த பணத்தில் அவர் என்ன செய்தார் என்பதும் கவனத்திற்குரியது. லொஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் அடம்ஸ் பகுதியில், சுகர் ஹில் என்று அழைக்கப்பட்ட குன்றுப்புறத்தில், அவர் ஒரு பெரிய வீட்டை வாங்கினார். நடிகைகளான எதெல் வோட்டர்ஸ், லூயிஸ் பீவர்ஸ் ஆகியோரும் அயலில் குடியிருந்தனர். ஆனால், அப்பகுதியின் காணி உறுதிகளில், வெள்ளையர் அல்லாதோர் அங்கு குடியிருக்கக்கூடாது என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. அதனைக் காட்டி, கறுப்பினக் குடும்பங்களை வெளியேற்றுமாறு வெள்ளையர் சிலர் வழக்குத் தொடுத்தனர்.

ஹட்டி ஒதுங்கிப் போகவில்லை. பாதிக்கப்பட்ட அயலவர்களைத் தமது வீட்டில் கூட்டி, வழக்குக்கு ஆதரவு திரட்டினார். கறுப்பினச் சட்டத்தரணியான லோரன் மில்லர் அவர்களுக்காக வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அமெரிக்க அரசியலமைப்பின் 14 ஆவது திருத்தம் எல்லோருக்கும் உறுதிப்படுத்தும் சமமான பாதுகாப்பைக் காரணங்காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1948 இல் அமெரிக்க உயர் நீதிமன்றமும் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது எனத் தீர்ப்பளித்தது. அந்த வழக்குகளில் வாதாடியவர்களுள் லோரன் மில்லரும் ஒருவர். திரையில் பிறர் வீட்டைப் பராமரித்தவர், தமது வீட்டில் வாழும் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டினார்.

1947 நவம்பரில் 'பியூலா' என்ற வானொலித் தொடரின் நாயகியானார். இதிலும் பாத்திரம் பணிப்பெண்தான். அதுவரை அந்தக் கறுப்பினப் பெண்ணுக்குக் குரல்கொடுத்து வந்தவர்கள் வெள்ளை ஆண்கள் என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும். வானொலித் தொடரொன்றின் நாயகியான முதலாவது கறுப்பினப் பெண் ஹட்டியே. கொச்சைப் பேச்சில் பேசமாட்டேன் என்பதையும், வசனங்களைத் திருத்தும் உரிமை தமக்கு வேண்டும் என்பதையும் அவர் ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்துகொண்டார். வேடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைக்காதவர், அந்த வேடம் எப்படிப் பேசவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் பெற்றார்.

1950 இல் அதே தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது முதலில் எதெல் வோட்டர்ஸ் நடித்தார். 1951 இல் ஹட்டி அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆறு அங்கங்களில் மட்டுமே நடிக்க முடிந்தது. நோய் குறுக்கிட்டது. அவருக்குப் பின் அந்த வேடத்தை ஏற்றவர் லூயிஸ் பீவர்ஸ். சுகர் ஹில்லின் அயலவர்களான மூவரும் ஒருவர்பின் ஒருவராக ஒரே பணிப்பெண்ணாக நடித்தனர். அக்காலத்தில் திறந்திருந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1952 ஒக்டோபர் 26 ஆம் திகதி புற்றுநோயால் அவர் காலமானார். ஹொலிவூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென்ற அவரது இறுதி விருப்பத்தை, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அம்மயானம் நிராகரித்தது. ரோஸ்டேல் மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1999 இல்தான் ஹொலிவூட் மயானத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் எழுந்தது. 2006 இல் அமெரிக்கா அவரது உருவத்துடன் தபால்தலை வெளியிட்டது. ஹவார்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற ஒஸ்கார் விருது காணாமற்போயிருந்தது. அதற்குப் பதிலாக 2023 இல் புதியதொன்று அங்கு வழங்கப்பட்டது. அவருக்குப் பின்னர் ஒஸ்கார் பெற்ற அடுத்த கறுப்பின நடிகையான வூப்பி கோல்ட்பேர்க்குக்கு அவ்விருது 1991 இல் கிடைத்தது. இடைவெளி ஐம்பத்தொரு ஆண்டுகள்.

கல்லும் தபால்தலையும் காலங்கடந்த மரியாதைகள். அவற்றைத் தந்தவர்களை விட, அவை மறுக்கப்பட்ட காலத்தில் தலைநிமிர்ந்து உழைத்த அந்தப் பெண்மணியே நமது மதிப்புக்குரியவர். ஒரு கலைஞர் ஏற்ற வேடங்களைக் கொண்டு அவரை அளவிட முற்படும்போது, அவருக்கு மறுக்கப்பட்ட வேடங்களையும் நாம் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். அதுவே நீதியாகும்.