பூட்டுக்காரர் மகன் தந்த கணக்கு



நம்ம பழனிசெட்டிபட்டிப் பக்கம் தோட்டத்தில் சோலார் விளக்குப் போட்டவர்கள் சிலர், பேனலும் புதுசு, பேட்டரியும் புதுசு, லைட் மட்டும் மங்கலா எரியுதேன்னு புலம்புவார்கள். பல நேரம் குற்றவாளி, நடுவில் கிடக்கிற ஒயர்தான். அந்த ஒயரின் கணக்கை நமக்குத் தந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம்.

1789 மார்ச் 16-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. தானே படித்துத் தேறி, மகன்களுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பல்கலைக்கழகம் போன ஓம், நடனம், பில்லியர்ட்ஸ் என்று சுற்ற, அப்பாவுக்கு வந்ததே கோபம்! மூன்று செமஸ்டரோடு படிப்பு நின்றது. சுவிட்சர்லாந்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1817-ல் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியரானார். அந்தப் பள்ளி லேபில்தான் ஆராய்ச்சி. அன்றைய பேட்டரியில் கரண்ட் ஒரே சீராக நிற்காது. அதனால் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதை ஐஸிலும் வைத்துச் சீரான மின்சாரம் எடுத்தார். ஒரே பருமனில், 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை எட்டு செம்புக் கம்பிகளை மாட்டி மாட்டி அளந்தார். கம்பி நீண்டால் தடை கூடும் என்ற கணக்கு உறுதியானது. கம்பி கனத்தால் தடை குறையும்.

1827-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். எதிர்பார்த்த பாராட்டு வரவில்லை. மனம் நொந்து வேலையை விட்டார். 1833-ல்தான் நூரம்பர்க் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆமாம், நம்மை மாதிரி பாலிடெக்னிக்! 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்தது. 1854 ஜூலை 6-ல் மறைந்தார்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். 12 வோல்ட் பேட்டரி, 60 வாட்ஸ் விளக்கு, கரண்ட் 5 ஆம்பியர். தூரம் 20 மீட்டர்தானே என்று நினைத்தால் தப்பு. போக வர 40 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயருக்குத் தடை சுமார் 0.28 ஓம். ஐந்தால் பெருக்கினால் 1.4 வோல்ட் டிராப். வீட்டு 230 வோல்ட்டில் இது கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டிலோ கிட்டத்தட்ட 12 சதவீதம் போச்சு! பேட்டரி, விளக்கு இரண்டையும் 24 வோல்ட்டாக மாற்றினால் கரண்ட் பாதியாகும். டிராப் 0.7 வோல்ட்தான், 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

நண்பர்களே, நாளை ஒரு விவசாயி நம்மை நம்பிப் பணம் கொடுப்பார். ஒயர் வாங்கும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். ஓமுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே!