மண்டையோட்டுக்குள் மறைந்த காசம்

சீர்காழியில் 1922ஆம் ஆண்டு பிறந்த பா. இராமமூர்த்தி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதற்கெனத் தனித்துறையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை 28. அதற்கு ஓராண்டு முன்னர்தான் வேலூரில் ஜேக்கப் சாண்டி இத்தகைய துறையை நிறுவியிருந்தார். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஒருவர் வலிப்புக் கண்டு வீழ்ந்தால், மூளை அறுவை வல்லுநரை நாடி வேலூருக்கோ சென்னைக்கோதான் செல்ல வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் காசநோய் குறைந்துகொண்டிருந்தது; இங்கோ அது மூளை வரை எட்டியிருந்தது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என வந்தோர் பலரின் மண்டையோட்டுக்குள் இருந்தது காசக்கட்டி. நுரையீரலில் பற்றும் கிருமி குருதிவழி மூளையை அடைந்து கட்டியாகத் திரளும். சிலருக்கு மூளையுறையை அழற்சிக்கு உள்ளாக்கும். மூளையின் உட்புறத்தை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கருவி அந்நாளில் இல்லை. ஆகவே காசக்கட்டி எது, பிற கட்டி எது எனப் பிரித்தறிவதே பெரும்பாடாயிற்று. இதனைக் குறித்து இராமமூர்த்தியும் வரதராஜனும் 1961இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

கட்டியை அகற்றினாலும் இடர் தீர்ந்துவிடவில்லை. எஞ்சிய கிருமி மூளையைச் சூழ்ந்த நீரில் பரவி உயிரைப் பறிப்பதுண்டு. ஸ்டிரெப்டோமைசினும், 1952 முதல் ஐசோநியாசிடும் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே அறுவைக்குத் துணை கிடைத்தது. ஆயினும் மருந்தைப் பல மாதங்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் தணிந்ததும் நோயாளி மருந்தை நிறுத்திவிடுவது இயல்பு. நோய் மீண்டும் தலைதூக்குவதும் அதனால்தான். நுரையீரல் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடைய இயலும் என்பதை, 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம் சில ஆண்டுகளிலேயே மெய்ப்பித்தது.

1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவிய நால்வருள் இராமமூர்த்தியும் ஒருவர். பின்னாளில் சென்னையில் நரம்பியல் நிறுவனத்தை உருவாக்கினார். அடையாற்றின் தன்னார்வ நலப்பணி மருத்துவமனையிலும் பணியாற்றினார். இதற்கிடையே ரிஃபாம்பிசின் வந்தது. கணினிவழிப் படமெடுப்பும் வந்தது. கட்டி சுருங்குவதை மண்டையோட்டைத் திறவாமலே காண முடிந்தது. அறுவை மருத்துவருக்குத் தம் கைத்தொழில் சுருங்கும் செய்திதான் அது, நோயாளிக்கோ பெரும்பேறு. இராமமூர்த்தி 2003இல் மறைந்தபோது, பெரும்பாலான காசக்கட்டிகள் ஓராண்டளவு மருந்தினாலேயே கரைக்கப்பட்டு வந்தன. பார்வைக்கோ உயிருக்கோ அச்சுறுத்தல் நேரும்போதும், மூளைநீரின் வழி அடைபடும்போதும் மட்டுமே கத்தி தேவைப்பட்டது.