கனவை ஏட்டில் ஏற்றிய கணித மேதை

கனவு காணாத மனிதர் அரியர். கண்ட கனவையெல்லாம் காலையில் நினைவிற் கொள்வோரும் அரியர். எழுந்து முகம் கழுவுமுன்னரே அது நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது. அவ்வாறு அகலவிடாது பற்றிக்கொண்ட ஒருவரின் வாழ்வை இம்மலர் வாயிலாக இளைஞர் முன் வைக்க விரும்புகின்றோம். அவர்தாம் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன்.

1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிலே பிறந்த இவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றிற் கணக்கர். குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். பள்ளிப் பருவத்தில் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று இவர் கைக்கு எட்டியது. அன்று முதல் கணிதமே இவருக்கு உலகமாயிற்று. ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றார், புலமைப்பரிசிலையும் இழந்தார். காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

நாமகிரித் தாயார் கனவிலே சூத்திரங்களை உணர்த்துகின்றாள் என்று இவர் நண்பர்களிடம் கூறுவதுண்டு. படுக்கையை விட்டு எழுந்ததும் அவற்றைக் குறித்துக்கொள்வதும், பின்னர் சரிபார்ப்பதும் இவர் வழக்கம் என்று இவரை நன்கறிந்த சேஷு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதிவைத்துள்ளனர். இவ்விரு செயல்களையும் நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞராய் அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அழைப்பு வந்தது. ஆனால் கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதம் என்று கருதப்பட்ட காலம் அது, அன்னையார் இணங்கவில்லை. பின்னர், வெள்ளையர் நிறைந்த மண்டபத்தில் மகன் வீற்றிருப்பதாகவும், தடுக்க வேண்டாமென நாமகிரித் தாயார் பணிப்பதாகவும் அவ்வம்மையாரே கனவு கண்டாராம். 1914 மார்ச் 17ஆம் நாள் மகன் கப்பலேறினார்.

உள்ளத்தில் உதித்ததெல்லாம் உண்மையென்று கொள்ளலாகாது என்பதை ஹார்டியின் நட்பு உணர்த்தியது. பகா எண்கள் பற்றி இவர் முதலில் எழுதியனுப்பிய முடிவுகள் சில பிழையாயிருந்தன. அயராது உழைத்து, 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். நோயோடு 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்பிரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதிலே மறைந்தார். இறுதி ஆண்டில் நோய்ப்படுக்கையிலும் எழுதிய தாள்கள் 1976இல் திரினிற்றிக் கல்லூரி நூலகத்திற் கண்டெடுக்கப்பட்டன. எழுதிவைத்தமையாலன்றோ அவை நமக்குக் கிடைத்தன!

கனவு மிகுதியாகத் தோன்றும் உறக்கநிலையை 1953இல் சிக்காகோ ஆய்வாளர் வெளிப்படுத்தினர். விடியலை அண்மிக்குந்தோறும் அந்நிலை நீள்கின்றது. அவ்வேளை, நினைவைப் பதிக்க உதவும் நோரதிரனலின் என்னும் பொருள் மூளையில் மிகக் குறைந்துவிடுகின்றது. ஆதலாற் கனவு மறத்தல் இயல்பே, குறையன்று. போதிய நேரம் உறங்குதல், விழித்ததும் துள்ளியெழாது கண்மூடி அசையாதிருத்தல், கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி நினைத்தல், யாருடனும் பேசுமுன் தலைமாட்டிலுள்ள கொப்பியில் ஓரிரு சொற்களாயினும் குறித்தல் ஆகியவற்றை நாள்தோறும் பயின்றால் நினைவு படிப்படியாய் வளரும்.

தாயாரின் அருளோ, உள்மனத்தின் ஆற்றலோ என்ற வினாவுக்கு அவரவர் நம்பிக்கைக்கேற்ப விடை கொள்க. ஹார்டி முதற்காரணத்தை ஏற்றாரல்லர். இராமானுஜன் அதை விட்டாருமல்லர். எனினும் இருவரும் ஒன்றில் உடன்பட்டனர்: வந்ததைச் சோதித்தல் வேண்டும்.

இளைஞர்களே! இரவு பகலாகக் கணிதத்தில் உழைத்தவருக்கே கணிதம் கனவாகியது. உழையாதவன் தலைமாட்டிற் கொப்பி இருந்தும் பயனென்ன? பகலில் உழைப்போம், விடியலிற் குறிப்போம், குறித்ததைச் சோதிப்போம். அம்மேதைக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவேயாகும்.